அடுத்த சிடியில் ஒரு வீடு

நம் பள்ளி வகுப்பின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள். அந்தப் பழைய டிராகன் விளையாட்டைப் புதுப்பித்து மறுபடி விட்டிருக்கிறார்களாம். அவள் மகன் முதல் பாகத்தை முடித்துவிட்டு, அதோடு சேர்ந்த எக்ஸ்பேன்ஷன் என்கிற அடுத்த பாகமும் வேண்டும் என்று உயிரை வாங்குகிறானாம். "வெளையாடுத மாதிரி இருக்குமாடி, இல்ல சும்மா பேருக்கு ஒட்டவச்சதா? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்தாள். ஐந்து நிமிடத்துக்குள் ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். ஒருத்தி கண் கெட்டுப்போகும் என்றாள். ஒருத்தி யோகா வகுப்பில் சேர்த்துவிடச் சொன்னாள். இன்னொருத்தி கேள்வியைப் படிக்காமலே பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள்.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் நம் வகுப்பிலேயே நான் ஒருத்திதான். ஆனால் இரண்டு வரியில் சொல்ல வராது. வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் நான் தோற்றது உங்களுக்கு மறந்திருக்காது. எனக்கு மறக்கவிடவும் மாட்டீர்கள். "கம்ப்யூட்டரே கதின்னு கெடந்தா எப்படி வெளங்கும்?" என்று கணக்கு டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். அந்த வசவு எனக்கு உரியதே இல்லை. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தது அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்போது முப்பத்திரண்டு வயது. கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. செவ்வாய் தோஷம் என்று வந்த வரன் எல்லாம் ஜாதகத்தோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை வாங்கியது அவள்தான். "பிள்ள படிக்கட்டும், அண்ணே. இனிமே எல்லாம் அதுலதான்" என்று அப்பாவிடம் சொல்லி வாங்கினாள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கே அது முதல் கம்ப்யூட்டர். அம்மாவின் பழைய பட்டுச் சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்திருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போகவேண்டும்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வருவாள். முகம் கழுவி, தலையில் இருந்த பிச்சிப்பூவை எடுத்து கம்ப்யூட்டர் மேசையில் வைப்பாள். திரை சூடாகச் சூடாக அந்தப் பூவும் தூசியும் சேர்ந்து ஒரு வாசம் வரும். இன்றைக்கும் எங்காவது பிச்சிப்பூ வாடினால் எனக்கு மின்சாரத்தின் நினைப்புத்தான் வருகிறது. அலுவலக முத்திரை மையின் ஊதா நிறம் விரல் நுனியில் இருக்கும். அந்த விரலால் மவுஸைப் பிடித்தால் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள். அப்பா கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தால் மவுஸ் என் கைக்கு வந்துவிடும். "இவளுக்காகத்தான் உக்காந்திருக்கேன், அண்ணே. தனியா விட்டா கெடுத்துருவா" என்பாள். அப்பா என்னை முறைத்துவிட்டுப் போவார். எனக்கு அதில் கோபம் இல்லை. ஒரு பெரிய மனுஷிக்காகப் பொய் சுமப்பது பெருமையாகத்தான் இருந்தது.

விளையாடியது இதே டிராகன் விளையாட்டுத்தான்; அதில் ஒரு வாள்காரி. ஆரம்பத்தில் பெயர் கேட்கும். அத்தை வெட்கப்பட்டாள். நான்தான் ஆங்கில எழுத்தில் 'ATHAI' என்று அடித்தேன். கடைசி வரை போன ஊரில் எல்லாம் அரக்கன், பூதம், மன்னன் எல்லோரும் அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பின்னாலேயே ஒரு வைத்தியக்காரப் பெண் நடந்து வருவாள். இடுப்பில் ஒரு சின்ன மணி. வாள்காரி அடிபட்டு விழுந்தால் இவள் மணியை ஆட்டுவாள், அவள் எழுந்துகொள்வாள். அந்த மணிக்காரி நான் என்று முதல் நாளே முடிவு செய்துகொண்டோம்.

அத்தைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. போகிற இடத்தில் எல்லாம் சாமான் பொறுக்குவாள். நீலக் கண்ணாடிச் சாடி, பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு, கரடித்தோல் விரிப்பு, யாரும் படிக்காத நாலு புத்தகம். பை நிறைந்துவிட்டால் வாள்காரி ஓட மாட்டாள், கர்ப்பிணி மாதிரி பைய நடப்பாள். ஓநாய் துரத்தும்போதும் பைய நடப்பாள்.

"வித்துருங்க அத்தை, நல்ல வாள் வாங்கலாம்" என்று நான் கத்துவேன்.

"வீட்டுக்கு வேணும்லா."

"எந்த வீட்டுக்கு?"

அத்தை அடுத்த சாமானைப் பொறுக்கப் போய்விடுவாள். எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஒரு கூடம், ஒரு அடுக்களை, ஒரு படுக்கையறை, பின்னால் கிணறு. படுக்கையறை அப்பாவுக்கும் அம்மாவுக்கும். அத்தையும் நானும் கூடத்தில் படுப்போம். அத்தையின் சாமான் முழுதும் ஒரு தகரப் பெட்டியும் பீரோவில் ஒரு தட்டும். பீரோச் சாவி அம்மாவின் இடுப்பில். விருந்தாள் வந்தால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துகொள்ள வேண்டியவள் அத்தை. முப்பத்திரண்டு வயது வரை அவள் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை. கூடவே படுத்திருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. இன்று நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆவணி மாதம் முதல் பாகம் முடிந்தது. பெரிய டிராகன் விழுந்ததும் திரை கறுத்து, யார் யாரோ பெயர்கள் ஓடின. அடுத்த நாள் அத்தை கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு பத்திரிகை வாங்கி வந்தாள். இதே விளையாட்டுக்கு இன்னொரு சிடி வந்திருப்பதாக அதில் போட்டிருந்தது. எக்ஸ்பேன்ஷன் என்ற வார்த்தை எங்கள் வாயில் நுழையவில்லை. 'அடுத்த சிடி' என்றே சொன்னோம்.

அத்தை அதைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள். முதல் பாகத்தை முடித்த அதே வாள்காரி, அதே பையோடு அடுத்த சிடிக்குள் போகலாம். சதுப்பு நிலத்தைத் தாண்டினால் ஆற்றங்கரையில் அவளுக்கு ஒரு வீடு கிடைக்கும். கதவு உண்டு. பூட்டும் சாவியும் உண்டு. உள்ளே வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். அவள் திறந்தால் ஒழிய பூதமோ மனுஷனோ உள்ளே வர முடியாது. இந்தப் பகுதியை அத்தை மூன்று தரம் படித்தாள். கடைசியில் இருந்த ஒரு வரியை ஒரு தரம்தான் படித்தாள். முதல் பாகத்துக் கூட்டாளிகள் யாரும் இதில் வர மாட்டார்களாம்.

"அப்போ மணிக்காரி?" என்றேன்.

"அவ வரமாட்டா போலயே."

"நான் அந்த வீட்டுக்கு வர முடியாதா?"

அத்தை பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள். "அது ஒத்த ஆளுக்குள்ள வீடு, ஏட்டி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாதமே ஏரலிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியது. மாப்பிள்ளைக்குச் சொந்தக் கடை, கூட்டுக் குடும்பம், வீட்டில் பதினோரு பேர். வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். அத்தை "சரி" என்றாள். ஐப்பசியில் கல்யாணம் என்று முடிவானது. அப்பா தெரு முழுக்க அல்வா கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் அத்தை என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்.

"ஏட்டி, கல்யாணத்துக்கு முன்னால அடுத்த சிடிய போட்டுறணும். முழுசா முடிக்காண்டாம். அந்த வீட்டுக்குள்ள ஒரு தடவ போயி கதவச் சாத்திட்டு இருந்து பாத்துட்டா போதும்."

"ஏரல்ல போயி வெளையாடுங்களேன்."

"அங்கன டிவி போடவே மாமியாகிட்ட கேக்கணுமாம். கம்ப்யூட்டரா வாங்கித் தரப்போறாவ?"

பழைய அலுவலகத் தாளின் பின்பக்கம் அந்த வீட்டை வரைந்து வைத்திருந்தாள். சாடி ஜன்னலில், தண்டு மேசையில், விரிப்பு கட்டிலுக்குக் கீழே. நான் எங்கே இருப்பேன் என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தாள் பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கிடைத்தால் இன்று சட்டம் போட்டு மாட்டுவேன்.

வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தோம். மெட்ராஸிலிருந்து வர ஒரு மாதம் ஆனது. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்குக் கிடைத்தது. அண்ணாச்சி அதை விளிம்பைப் பிடித்து எடுத்துக் காட்டினார்.

"எக்கா, படம் போட்ட பக்கம் என்ன வேணா செய்ங்க. இந்த மினுங்குத பக்கம் மட்டும் கை படக்கூடாது. ஒரிஜினல், இங்கன காப்பி எடுக்க முடியல. போச்சுன்னா அடுத்தது வர இன்னொரு மாசம்."

கல்யாணத்துக்கு மூன்று வாரமே இருந்தது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். நன்றாகக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு ஓடிவந்தால் அப்பா கம்ப்யூட்டரைத் துடைத்து மாலை போட்டு பூஜைக்குத் தயார் செய்துவிட்டார். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில் மறுபூஜை முடியும் வரை தொடக்கூடாது. அத்தை கெஞ்சவில்லை. "பூசைக்கு இதையும் வையுங்க, நல்லபடியா ஓடட்டும்" என்று சிடியையும் கொடுத்தாள். விஜயதசமியும் அதற்கு அடுத்த நாலு நாளும் அவள் விடுமுறை எடுத்திருந்தாள். எல்லாம் அந்த வீட்டுக்காக.

எங்கள் வீட்டில் பூஜைச் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது என் வேலை. புத்தகம், தையல் மிஷின், அப்பாவின் ஸ்கூட்டர், அரிவாள்மணை, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம். சந்தனம் கல்லில் உரசிய சந்தனம், நறநறவென்று இருக்கும். பூஜையன்று சிடியைக் கையில் எடுத்தபோது அப்பா சொன்னார்.

"படம் போட்ட பக்கம் வையி. தெரியும்லா?"

"தெரியும்ப்பா."

அப்பா விளக்குக்கு எண்ணெய் ஊற்றத் திரும்பினார். நான் சிடியைத் திருப்பினேன். மினுங்கும் பக்கத்தில் மோதிர விரலால் நன்றாக அழுத்திப் பொட்டு வைத்தேன். குங்குமமும் வைத்தேன். பொட்டு கீழே இருக்கும்படி என் தமிழ்ப் புத்தகத்தின் மேல் கவிழ்த்து வைத்தேன். கை நடுங்கவில்லை, தோழிகளே. தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருஷத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். எனக்கு இடமில்லாத வீட்டுக்கு அத்தை போகக்கூடாது என்று நினைத்தேன். ஏரலையா, ஆற்றங்கரை வீட்டையா, எதை நினைத்தேன் என்று அப்போதும் பிரித்துப் பார்க்கவில்லை. தீபாராதனையின்போது அத்தை கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் அம்மாதான் புத்தகங்களை எடுத்து அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் கிணற்றடியிலிருந்து தேங்காய்நார் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு அம்மா முந்தானையில் எதையோ துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இந்தா. சந்தனம் பட்டிருந்துச்சு. பாத்திரம் தேய்க்குத பொடி போட்டு நல்லா வெளக்கிட்டேன். எப்படி மின்னுது பாரு!"

அத்தை அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வட்டம் வட்டமாகக் கீறல். "மதினி…" என்றாள். சிடியைப் போட்டாள். கிர்ரென்று சுற்றி நின்றது. எடுத்துத் துடைத்துப் போட்டாள். மறுபடி கிர்ர். மத்தியானம் வரை அந்தச் சத்தம் கேட்டது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

கடை அண்ணாச்சி பஞ்சால் ஒத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எக்கா, இது இனி சிடி இல்ல, தாம்பாளம்."

ஐப்பசியில் அத்தை ஏரலுக்குப் போனாள். பை நிறையச் சாமானோடு வாள்காரி டிராகன் குகை வாசலில் அப்படியே நின்றாள். சில வருஷம் கழித்து அப்பா அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார். அவளும் அதோடு போனாள்.

அம்மா சிடி விளக்கிய கதை எங்கள் சொந்தத்தில் பிரசித்தம். எந்தக் கல்யாணம், எந்தச் சடங்கு என்றாலும் யாராவது ஆரம்பிப்பார்கள். "மதினி, தாம்பாளம் ஒண்ணு இருக்கு, தேச்சுத் தாரியளா?" என்று ஒரு சித்தப்பா கேட்பார். அம்மாவும் தலையைக் குனிந்து சிரிப்பாள். "எனக்கென்ன தெரியும்? அழுக்குன்னா தேய்ப்பேன்" என்பாள். நான் பேசாமல் இருப்பேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் பந்தியிலும் சித்தப்பா அந்தக் கதையைச் சொன்னார். அழுத முகங்கள் எல்லாம் கொஞ்சம் சிரித்தன. பாயச வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

புதுப் பதிப்பு வந்ததும் வாங்கினேன். மூன்று மாதம், சாயங்காலங்களில். என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். வாள்காரிக்கு அதே பெயர் வைத்தேன். நீலச் சாடி, பித்தளைத் தண்டு, கரடித்தோல், நாலு புத்தகம் எல்லாவற்றையும் தேடிப் பொறுக்கினேன். பைய நடந்தேன். டிராகனைக் கொன்று அடுத்த பாகத்துக்குள் போனேன். கேட்டவளுக்கு நேர்மையாகச் சொல்கிறேன்: முதல் மூன்று மணி நேரம் சதுப்பு நிலம், வெறும் அறுவை. ஒரே தவளைப் பூதம் நாலு முறை வருகிறது. கதையும் முதல் பாகத்துக்குக் கால் தூசு பெறாது. மணிக்காரி இல்லாமல் விழுந்தால் விழுந்ததுதான், தூக்கிவிட ஆளில்லை. இருந்தாலும் ஆற்றங்கரை வந்தது. வீடு தெரிந்தது. சாவி கையில் வந்தது. கதவைத் திறக்காமல் அங்கேயே நிறுத்தி, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஏரல் பஸ் ஏறினேன்.

அத்தைக்கு இப்போது தலை முழுக்க நரை. மாமியார் போனபின் அந்தப் பெரிய வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனால் நான் போன அரைமணி நேரத்தில் ஏழு முறை யாராவது கூப்பிட்டுவிட்டார்கள். உள் அறையில் அவளை உட்காரவைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்தது.

"எளா, நம்ம வாள்காரி!"

அப்போதுதான் சொன்னேன். "அத்தை, அந்தப் பொட்டு நான் வச்சது. தெரிஞ்சேதான் வச்சேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியுமே" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில மதினி கிணத்தடியில வச்சு சொன்னா. எடுக்கும்போதே பாத்துட்டாளாம், ஒன் வெரல்னு. துணியால தொடச்சாளாம், மஞ்சக் கற போகலையாம். ஒங்கப்பா பாத்தா ஒன்னய அடிச்சே போடுவாருன்னு பயந்து பொடியப் போட்டுத் தேச்சிருக்கா. 'பிள்ள நீ போறியேன்னு செஞ்சிட்டு. நான் கெடுத்ததாவே இருக்கட்டும், அவகிட்ட கேட்டுராத'ன்னு கையப் பிடிச்சுக்கிட்டா. வெவரம் இல்லாதவன்னா நெனச்ச ஒங்கம்மாவ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷம், அத்தனை பந்தியிலும், அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்தது எதற்கு என்று அந்த நிமிஷம்தான் விளங்கியது.

"அம்மா போன பிறகாவது நீங்க சொல்லியிருக்கலாம்லா?"

"நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மவுஸில் கையை வைத்தாள். கதவு திறந்தது. சின்ன வீடு. ஒரு கட்டில், ஒரு மேசை, ஆற்றைப் பார்த்து ஒரு ஜன்னல். சாடியை ஜன்னலில் வைத்தாள். தண்டை எங்கே வைப்பது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, தப்பா நெனைக்காத. கொஞ்ச நேரம் வெளிய இரி. நான் தனியா இருந்து பாக்கேன்."

எழுந்து வெளியே வந்தேன். அறைக் கதவை இழுத்துச் சாத்தினேன். உள்ளே விளையாட்டின் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. கடைப் பையன் வந்து பெரியம்மா எங்கே என்றான். வேலையாக இருக்கிறாள், கூப்பிடாதே என்றேன். அத்தையின் மருமகள் வந்தாள், அவளுக்கும் அதையே சொன்னேன். முக்கால் மணி நேரம் அந்தக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் போய்விட்டது. நான் கதவைத் தட்டவில்லை.

கேட்டவளே, உன் மகனுக்கு வாங்கிக் கொடு. அவன் அந்த வீட்டுக்குள் போகும்போது மட்டும், நீ எழுந்து வெளியே போய்விடு.